காலடி படாத கரை

அந்தச் சாக்கை மிதித்துவிடாதீர்கள் தம்பி. காலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் எடுங்கள். உள்ளே என்னவா? தேங்காய். ஒரு வீட்டுக்குக் கொடுக்கவேண்டிய தேங்காய். பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் மிதிபடக் கூடாது.

லண்டன் பத்திரிகைக்காரர் ஒருவர் வருகிறார் என்றுதான் நிஷாந்தி மிஸ் சொன்னா. தமிழ்ப் பிள்ளை என்று சொல்லவில்லை. முன்னால் ஜீப்பில் போகிற மூன்று வெள்ளைக்காரருக்கும் அவவே கதை சொல்லிக்கொண்டு போவா. உங்களை மட்டும் என்னோடு இந்த வான் வண்டியில் ஏற்றிவிட்டா. "பஸ்தியாம்பிள்ளை ஐயா அசல் உள்ளூர்க்காரர், அவருடைய வாயால் கேளுங்கள்" என்றா பாருங்கள், அது என் வாயின்மேல் அவ வைத்திருக்கிற நம்பிக்கை. ஓட்டுகிற ருவனுக்குத் தமிழில் சோறு, தண்ணி, காசு, இந்த மூன்று சொல்தான் தெரியும். ஆகையால் தாராளமாகப் பேசலாம். போனில் பதிகிறீர்களா? ஓடட்டும். இல்லை, நிறுத்துங்கள். சரி, வேண்டாம், ஓடட்டும்.

இந்தப் பாதையில் எத்தனையோ பேரைக் கூட்டிப்போயிருக்கிறேன். ஜெர்மன்காரன் ஒருவன் என் கதைக்குச் சிரித்த சிரிப்பில் அவனுடைய பொய்ப்பல் களப்புத் தண்ணிக்குள் விழுந்துவிட்டது. ஒரு கிழமை கழித்து ஒரு நண்டு அதை மாட்டிக்கொண்டு சேற்றில் பல்லிளித்தபடி போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். நம்பவில்லைத்தானே? அதுதான் எனக்குள்ள கரைச்சல். கரை போய்ச் சேருவதற்குள் உங்களுக்கு ஒரு விசயம் சொல்லவேண்டும், அதை நீங்கள் நம்பவேண்டும். நம்புகிற மாதிரி உண்மை பேசி எனக்குப் பழக்கமில்லை. ஊரில் என்னைப் புளுகுப் பஸ்தியான் என்பார்கள். பூசைக்கு வருகிற சாமியார்கூட என் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டுவிட்டு, "இதில் எது நடந்தது பஸ்தியான்?" என்று கேட்பார்.

சண்டை முடிந்த கையோடு தொடங்கிய வேலை இது. வெளிநாட்டுப் பேப்பர்களில் நாட்டின் பெயர் நாறிக் கிடந்த நேரம். வெளியிலிருந்து முதலீடு கொண்டுவர ஆள் பிடிக்கவேண்டும் என்று கொழும்பில் ஒரு அலுவலகம் வைத்தார்கள். அங்கேயிருந்து நிஷாந்தி மிஸ் வந்தா. அப்போது சின்னப் பெண். குதிகால் உயர்ந்த சப்பாத்தோடு மணலில் ஒவ்வோர் அடிக்கும் புதைந்து புதைந்து வந்து, ஆங்கிலம் பேசுகிற உள்ளூர்க்காரன் யார் என்று கேட்டா. அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியாரிடம் படித்த ஆங்கிலம் என்னிடம் இருந்தது. அவதான் எனக்கு வேலையை விளங்கப்படுத்தினா.

"ஐயா, நாங்களே விளம்பரம் போட்டால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். பத்திரிகைக்காரனைக் கூப்பிட வேண்டும். நல்ல அறை, நல்ல நண்டுக்கறி. கரையைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால் அவனே எழுதுவான். அதை ஐரோப்பாவில் ஒரு பணக்காரன் காலைக் கோப்பியோடு வாசிப்பான். இது எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் கேட்பான். அந்த ஒரு கேள்விதான் எங்களுக்கு வேண்டும்."

"பொய் சொல்லவேண்டி வருமா மிஸ்?" என்று கேட்டேன். அதற்குத்தான் என்னைத் தேடிப் பிடித்திருக்கிறா என்று நினைத்தேன்.

"சீச்சீ. பொய்யே கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்."

கேட்டதற்கு மட்டும் பதில். அருமையான வேலை என்று நினைத்தேன். என் பெண்சாதி இருந்திருந்தால் சிரித்திருப்பாள். நாற்பது வருசமாக நான் செய்யாத ஒன்றை எனக்குச் சம்பளம் தந்து செய்யச் சொல்கிறார்கள்.

இப்போது நாங்கள் போகிற சங்குமுனை இருக்கிறதே, அங்கே ஊர் என்று ஒன்று கிடையாது. வாடிகள்தான். கரைவலைக்காரர் ஐப்பசியில் வந்து தென்னங்கிடுகு வேய்ந்து குடிசை போட்டார்கள் என்றால் சித்திரை வரைக்கும் இருப்பார்கள். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பினால் இந்தக் கடலில் வலை போடமுடியாது. வலை, தோணி, பெண்டு பிள்ளை, கோழி, நாய் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் போய்விடுவார்கள். போகும்போது கிடுகைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். அரை வருசம் இந்தக் கரையில் குருவிகூட இராது. ஆனால் பாடு அவர்களுடையது. பாடு என்றால் ஒரு வலையைப் போட்டு இழுக்கிற அளவு கரை. எந்தப் பாடு யாருடையது என்று எழுதி வைப்பதில்லை. எல்லாருக்கும் தெரியும். அதுதான் உறுதிப் பத்திரம்.

அந்தக் கரைக்குச் சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரன், என் கூட்டாளி சந்தியோகு. அவனைக் கடல் கொண்டுபோன பிறகு அவன் பெண்சாதி மதலேனா. பெண் சம்மாட்டி என்று முதலில் சிரித்தார்கள். அவள் ஒருதரம் அதட்டினால் கயிறு தானாகக் கரைக்கு வரும். கரைவலை இழுக்கப் பார்த்திருக்கிறீர்களா? வலையின் இரண்டு பக்கமும் இரண்டு நீளக் கயிறு. இரண்டு கயிற்றிலும் ஆள் நின்று சமமாக இழுக்கவேண்டும். ஒரு பக்கம் இளைத்துத் தளர்ந்தால் மீன் அந்தப் பக்கத்தால் போய்விடும். அதனால் வழியில் போகிறவனையும் கூப்பிடுவார்கள். கயிற்றைத் தொட்டவன் எவனாக இருந்தாலும் அன்றைக்குக் கறிக்கு மீன் உண்டு. நானும் எத்தனையோ நாள் தொட்டிருக்கிறேன், இழுக்கவில்லை. தொட்டாலே போதும் என்று சந்தியோகிடம் சட்டம் பேசுவேன்.

நிஷாந்தி மிஸ் என்னிடம், "எந்த மாதம் கரை வடிவாக இருக்கும்?" என்று கேட்டா. ஆடி என்றேன். ஆடியில் என்ன வடிவு, என்ன அழகு? காற்று மணலை அள்ளிக் கண்ணில் கொட்டும். ஆனால் ஆள் இராது, கருவாட்டு நாற்றம் இராது. அவ கேட்டது வடிவு. நான் சொன்னது வெறுமை. நாங்கள் இருவரும் அதைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

ஆடியில் டென்மார்க்காரன் ஒருவன், பேப்பரில் எழுதுகிறவன், வந்தான். ஆறரை அடி உயரம், வெயிலில் அவிந்துபோன மூக்கு. நல்ல மனுசன். மணலில் முழங்காலிட்டுச் சிப்பி பொறுக்கினான். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஆறரை அடிக்கு ஒரு மனுசன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது எப்படிச் சும்மா இருப்பது? எடுத்துவிட்டேன். போர்த்துக்கேயக் கப்பல் தலைவன் ஒருவனின் மகள், பெயர் இசபெல், இந்தக் கரைக்கு நேரே கப்பல் உடைந்து செத்தாள். அவளுக்குப் பயந்து முந்நூறு வருசமாக இங்கே ஒருவரும் கால் வைப்பதில்லை. ஒவ்வொரு விடியலிலும் கடல் வந்து அவளுக்காக மணலைத் துடைத்து வைத்துவிட்டுப் போகும்.

கடல் துடைக்கிற இடம் சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது, தம்பி. நானே நம்பிவிட்டேன்.

அவன் எழுதினான். தலைப்பு, "மனிதக் காலடி படாத கரை". பக்கம் நிறைய வெறும் மணல். அந்தப் பணக்காரனும் கோப்பி குடித்தான் போலிருக்கிறது. புரட்டாசிக்குள் அளவு பிடிக்க ஆள் வந்தது, கட்டை நட்டார்கள், கம்பி இழுத்தார்கள். என்னைக் கூப்பிட்டுத் தொப்பி தந்து வாசலில் நிறுத்தினார்கள். வெளிநாட்டார் வந்தால் வணக்கம் சொல்லவேண்டும்.

முதலில் வந்தது வெளிநாட்டார் இல்லை. ஐப்பசியில் மதலேனாவின் லொறி வந்தது. வலைக்கு மேலே பிள்ளைகள், பிள்ளைகளுக்கு மேலே கோழிக்கூடு. அவள் இறங்கிக் கம்பியைப் பார்த்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம் தொப்பியோடு நிற்கிற என்னைப் பார்த்தாள்.

"என்ன அண்ணை இது?"

"வெளிநாட்டு ஹோட்டல் வருகுது மதலேனா. நாட்டுக்கு நல்லது."

"நாங்க இஞ்ச இருக்கிறம் எண்டு நீங்க அவங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"அவங்க கேக்கேல்லை."

அவள் லொறியைத் திருப்பச் சொன்னாள். கம்பிக்கு வெளியே மிஞ்சியிருந்த தெற்குப் பாதியில் போய் எல்லாரும் நெருங்கி வாடி போட்டார்கள். வலைகள் பல, கரை கொஞ்சம். ஒரு வலை இழுக்கும்வரை மற்ற வலைகள் காத்துக் கிடக்கவேண்டும். சில குடும்பங்கள் அடுத்த வருசம் வரவில்லை. நான் என்ன செய்வது? டென்மார்க்காரன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. வேலை அப்படி.

ஹோட்டலுக்கு இசபெல் என்றே பெயர் வைத்தார்கள். வாசலில் சிலை, கையில் கிளிஞ்சல். வேடிக்கையைக் கேளுங்கள். குசினியில் சமையல் வேலை செய்கிற பெண்கள் அவளுக்கு மெழுகுதிரி கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்திக்குப் பிள்ளை கிடைத்தது, இசபெல் என்று பெயர் வைத்தாள். முதுகு பிடித்துக்கொண்ட ஒருநாள் நானே ஒரு திரி கொளுத்தினேன். நான் பெற்ற பொய், என் முதுகுக்காகப் பரிந்து பேசாதா? அடுத்த நாள் சுகம்! பின்னேரங்களில் விருந்தாளிகளுக்கு அவளுடைய கதையைச் சொல்வதுதான் இப்போது என் சம்பள வேலை. தெரியுமா, அவளுக்கு இப்போது ஒரு காதலனும் இருக்கிறான். பிரெஞ்சுக்காரர் கேட்டார்கள், கொடுத்தேன்.

சிரியுங்கள், பரவாயில்லை. நானும் சிரிப்பேன். இந்தச் சாக்கு மட்டும் காலில் இடிக்காவிட்டால் நன்றாகவே சிரிப்பேன்.

தேங்காய் என்றேனே, அது பொய். உள்ளே இருப்பது அந்தோனியார். ஆமாம், புனித அந்தோனியார். ஒரு முழ உயரச் சுருவம், மரச்சிலை. மூக்கில் சிறிது சிதைவு, அது நான் செய்ததல்ல, கறையான்.

கரைவலைக்காரர் சங்குமுனையில் ஒரு கல்மேடையில் இவரை வைத்திருந்தார்கள். கிடுகைக் கழற்றினாலும் இவரைக் கொண்டுபோகமாட்டார்கள். சோழகம் முழுக்க இவருக்கு முன்னால் ஒரு விளக்கு எரியவேண்டும். கடலில் போகிறவன் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால், ஆள் இல்லாவிட்டாலும் இந்தக் கரைக்கு ஆள் உண்டு என்று தெரிந்துகொள்வான். டென்மார்க்காரன் வந்த அந்த வருசம் சித்திரையில் லொறி ஏறுமுன் மதலேனா எண்ணெய்ப் போத்தலை என் கையில்தான் தந்தாள். "அண்ணை, நீங்க என்ன புளுகினாலும் புளுகுங்கோ. இவருக்கு மட்டும் விளக்கு வையுங்கோ." சந்தியோகு கடலில் போன பிறகு அவள் என்னை நம்பிக் கேட்ட ஒரே ஒரு காரியம்.

டென்மார்க்காரன் வருவதற்கு முதல்நாள் பின்னேரம் நான் போய் இவரைச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்து என் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். ஒருவரும் எடுக்கச் சொல்லவில்லை. நிஷாந்தி மிஸ்ஸுக்கு இவர் அங்கே இருந்ததே தெரியாது. இதை எழுதுங்கள், அவவின் தலையில் போடாதீர்கள். படம் எடுக்கும்போது நன்றாயிருக்கட்டும் என்று நானாகத்தான் செய்தேன். ஒருநாளைக்குத்தானே என்று நினைத்தேன். பிறகு அந்தக் கல்மேடை கம்பிக்குள் போய்விட்டது. தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார் என்று ஊரெல்லாம் வந்து நேர்ந்துகொள்ளும். அவரையே தொலைத்த ஆள் நான் ஒருவன்தான்.

இன்னொன்று சொல்லவேண்டும். பாதை திரும்புகிறது, கிட்ட வந்துவிட்டோம், சொல்லிவிடுகிறேன்.

அவன் கேட்டான், தம்பி.

டென்மார்க்காரன் கேட்டான். சுருவத்தை எடுத்தேனே தவிர, கல்லில் ஊறியிருந்த எண்ணெயை என்ன செய்வது? திரிக்கரி வேறு. அவன் குனிந்து விரலால் தொட்டு மணந்து பார்த்தான். "இங்கே யார் விளக்கு வைக்கிறார்கள்? யாராவது இருக்கிறார்களா?" என்று நேருக்கு நேர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டிய இடம் அது. மதலேனா என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. அப்போதுதான் இசபெல் பிறந்தாள். அவளே இரவில் வந்து வைக்கிறாள் என்றேன். அவன் கண்கள் பளபளத்தன. நான் மேலே மேலே கட்டிக்கொண்டு போனேன்.

இதை இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. சாமியாருக்கும் இல்லை. அவர் எப்படியும் நம்பமாட்டார்.

இப்போது தெற்குப் பாதியும் வேண்டுமாம். ஹோட்டலைப் பெரிதாக்க இன்னும் முதல் போட ஆள் தேடுகிறார்கள். அதற்குத்தான் உங்களை அழைத்திருக்கிறார்கள். நிஷாந்தி மிஸ் போனமாதம் போன் எடுத்தா. இப்போது பெரிய அதிகாரி, ஆனால் கேள்வி அதே கேள்விதான். "ஐயா, எப்போது கரை வடிவாக இருக்கும்?" புரட்டாசிக் கடைசி என்றேன். "சோழகம் ஓய்ந்திருக்கும் மிஸ், கடல் கண்ணாடி மாதிரி. ஆட்கள் வர ஐப்பசி ஆகும்." எல்லாம் உண்மை. அவ நாள் குறித்தா.

குறித்த கையோடு நான் மதலேனாவுக்குப் போன் போட்டேன். இந்த வருசம் முன்னதாகவே வந்துவிடு, இன்ன நாள் விடிய வலை கடலில் கிடக்கவேண்டும், லண்டன் பேப்பர்க்காரர் வருகிறார்கள், கண்ணால் பார்க்கட்டும் என்றேன். அவளுக்கு அங்கே இப்போதுதான் நல்ல மீன்பாடு. விட்டுவிட்டு வருவதென்றால் பட்டினிதான் என்பது எனக்கும் தெரியும்.

"பஸ்தியாண்ணை, நீங்க சொன்ன நாளுக்கு நான் என்ர தாயின்ர செத்தவீட்டுக்கும் வரமாட்டன்" என்றாள்.

"இந்த ஒருதரம் நம்பு மதலேனா."

"அந்தோனியார் எங்க?"

"என்னட்டத்தான் இருக்கிறார்."

போனை வைத்துவிட்டாள். அவள் வராவிட்டால், கரை வெறுமையாகக் கிடந்தால், உங்களோடு வந்த மூன்று பேரும் வெறும் மணலைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பாதியும் போய்விடும். இந்த முறையும் நாள் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

ருவன் வானை நிறுத்திவிட்டான். இந்த மணல்திட்டி ஏறினால் கரை. ஜீப்பில் வந்தவர்கள் மேலே கடல் பக்கம் பார்த்தபடி நிற்கிறார்கள். நீங்கள் முதலில் ஏறுங்கள் தம்பி. சாக்கு பாரம், நான் மெதுவாக வருகிறேன். பொய், பாரமில்லை. எனக்குப் பார்க்கப் பயம். ஏறி என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள்.

என்ன?

ஒரு தோணியா? வேறு?

பத்துப் பேர்கூட இராதா... சரி. சரி. வந்திருக்கிறாள். என் பேச்சை நம்பி மற்ற வாடிக்காரரைக் கிளப்ப அவளுக்கு மனம் வந்திராது. தன் வீட்டாரை மட்டும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கை கொடுங்கள், ஏறுகிறேன். அதோ, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நிற்கிறாளே, அவள்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. வலை கடலில் கிடக்கிறது பாருங்கள், மிதப்புக்கட்டைகள் தெரிகின்றனவா? ஆனால் ஒரு கயிற்றுக்குத்தான் ஆள் இருக்கிறது. மற்றக் கயிற்றைக் கட்டையில் கட்டி வைத்திருக்கிறாள்.

கேட்டீர்களா, நிஷாந்தி மிஸ் என்னைக் கூப்பிடுவதை? "ஐயா, யார் இவர்கள்?" என்கிறா. வெள்ளைக்காரர் மூன்று பேருக்கும் முன்னால், வாய்விட்டுக் கேட்கிறா. கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும் என்று அவவே படிப்பித்ததுதான். இந்தச் சாக்கைப் பிடியுங்கள். பதில் சொல்லிவிட்டு வருகிறேன்.

சொல்லிவிட்டேன். நான் சொன்னதிலேயே சின்னக் கதை இதுதான். "இந்தக் கரையின் ஆட்கள், மிஸ். போனமுறை எடுத்த பாதிக்கும் இவர்கள்தான்." அவவின் முகத்தை நான் பார்க்கவில்லை. ஹோட்டல் தொப்பியைக் கழற்றி ஜீப்பின் மேலே வைத்துவிட்டேன். வாருங்கள் இறங்குவோம்.

மதலேனா. இந்தா, இவரைக் கொண்டுவந்திட்டன்.

பார்த்தீர்களா? சுருவத்தை வாங்கினாள், மூக்கைத் தடவினாள், மணலில் கடலைப் பார்த்து வைத்தாள். "அண்ணை, மற்றக் கயித்துக்கு ஆளில்லை" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று இத்தனை வருசமாக ஒரு பதில் செய்து வைத்திருந்தேன், தம்பி. நல்ல பதில். கேட்கிறவர்களுக்குக் கண்ணீர் வரும். அவள் கேட்கவில்லை.

சப்பாத்தைக் கழற்றுங்கள். போனைப் பொக்கற்றில் போடுங்கள், ஓடினால் ஓடட்டும். எனக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடியுங்கள், குதிகாலை மணலில் நன்றாக ஊன்றுங்கள். உங்களுக்குக் கறிக்கு மீன் தருவாள். எனக்குத் தருவாளா தெரியாது. ஒருதரம் திரும்பிப் பாருங்கள், திட்டியிலிருந்து இதுவரைக்கும் உங்கள் காலடி. கடல் துடைக்கிற தூரத்தில் இல்லை அது.

இழுங்கள் தம்பி. இந்தப் பக்கம் இளைக்கக் கூடாது.